அந்த 20 சென்டிமீட்டரை மூடாதீர்கள்

சென்னைத் தலைமை அலுவலகத்தின் வடிவமைப்புப் பிரிவுக்கும், அந்த டிராயிங்கில் கையெழுத்திடும் நிர்வாகத்துக்கும்,

ஜெய்சல்மேரில் இருக்கிற நம் சூரிய மின் நிலையத்தின் இரண்டாம் கட்ட வேலியின் டிராயிங், ரிவிஷன் 3, போன வாரம் சைட்டுக்கு வந்தது. 22 கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஒரே வேலி. முதல் கட்டத்தில் செயின் லிங்க் கம்பிவலைக்கும் தரைக்கும் நடுவில் நாங்கள் விட்டிருந்த 20 சென்டிமீட்டர் இடைவெளி இதில் இல்லை. அதற்குப் பதிலாகத் தரைக்கு மேல் 30 சென்டிமீட்டர் நிற்கிற மாதிரி தொடர்ச்சியான கான்கிரீட் பிளிந்த் பீம், அதாவது வலைக்கு அடியில் ஒரு குட்டைச் சுவர். ஓரத்தில் சின்ன எழுத்தில் காரணமும் போட்டிருக்கிறீர்கள்: பாதுகாப்பு, மணல் தடுப்பு. முதல் கட்ட வேலியிலும் இதே பீமைப் பின்னால் சேர்க்கச் சொல்லித் தனிக் குறிப்பு வேறு.

இதைப் பற்றி மூன்று மெயில் அனுப்பினேன். மூன்றுக்கும் 'நோட்டட்' என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. அதனால்தான் இந்தத் திறந்த மடல். நீங்கள் பெரும்பாலும் தமிழர்கள். ஆங்கில மெயில் கோப்புக்குப் போய்விடுகிறது, தமிழில் எழுதினால் படித்துவிட மாட்டீர்களா என்று ஒரு நப்பாசை. அப்புறம், தார் பாலைவனத்துக்கு வேலி டிராயிங் போடும் வேறு கம்பெனிக்காரர்களும் சென்னையில் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். ஜெய்சல்மேர் மாவட்டத்தில் சிவில் மேற்பார்வையாளராக இது ஆறாவது வருஷம். வந்த புதிதில் நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். வண்டியிலிருந்து இறங்கிச் சுற்றிப் பார்த்தால் மணலும் புதரும் தவிர ஒன்றுமில்லை. நில வரைபடத்தில் 'தரிசு' என்று போட்டிருந்தது சரிதான் என்று பட்டது. ஆறு மாதம் கழித்துத்தான் கண் திறந்தது. இங்கே எதையாவது பார்க்க வேண்டுமானால் விடியற்காலை ஐந்தரைக்கு நிற்க வேண்டும். பத்து மணிக்கு ஆய்வுக்கு வந்து, மூன்று மணிக்கு ஜோத்பூர் விமானத்தைப் பிடிக்கக் கிளம்பினால் தரிசுதான் தெரியும்.

இந்தப் பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்கு ஒரு எண் சொல்கிறேன். 2016 மே 19 அன்று பலோடியில் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. இந்தியாவில் பதிவான வெப்பநிலைகளில் அதுதான் உச்சம். ஜனவரி ராத்திரியில் அதே மண் பூஜ்யத்தை நெருங்கும். மழை வருஷத்துக்குச் சராசரியாக 200 மில்லிமீட்டர்கூடக் கிடையாது. இதற்குள் பால் கொடுத்துக் குட்டி வளர்க்கிற பிராணிகள் எத்தனை இருக்கின்றன என்று கேட்டால் எனக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை.

முதலில் சிங்காரா மான். ராஜஸ்தானின் மாநில விலங்குகளில் ஒன்று. ஆட்டைவிடப் பெரிதில்லை, இருபது இருபத்தைந்து கிலோ இருக்கும். மணல் நிறம், முகத்தில் இரண்டு கோடு. தண்ணீர் குடிக்காமலே நாள்கணக்கில் இருக்கும். இலையில் உள்ள ஈரமும் விடிகாலைப் பனியும் அதற்குப் போதும். வெயில் ஏறினால் கேஜ்ரி மரத்தடியில் ஒண்டிக்கொள்ளும். கேஜ்ரி வேறொன்றுமில்லை, நம்மூர் வன்னி மரம். நம் கோயில்களில் சுற்றிவந்து கும்பிடுகிறோமே, அதே மரம்தான். முதல் கட்டத்தில் எத்தனை வன்னியை ஜேசிபி சாய்த்தது என்று நான் எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும்.

அடுத்தது பாலைவன நரி. வால் நுனி வெள்ளையாக இருந்தால் இது, கறுப்பாக இருந்தால் சமவெளி நரி. இரண்டும் எங்கள் சைட்டில் உண்டு. பகல் முழுக்க வளைக்குள். ஒரு வளைக்கு ஒரு வாசல் இல்லை, நாலைந்து இருக்கும். மேலே மண் சுடுகிறபோது உள்ளே கையை விட்டுப் பார்த்திருக்கிறேன் (நரி இல்லாத பழைய வளைதான், பயப்பட வேண்டாம்). பானைத் தண்ணீரில் கை விட்ட மாதிரி இருந்தது. உடம்பெல்லாம் புள்ளி போட்ட பாலைவனப் பூனையை ஆறு வருஷத்தில் நான்கே முறை பார்த்தேன். முயல் இருக்கிறது. அது நம் ஊர் முயலின் இனமேதான், நிறம் மட்டும் வெளுப்பு. பட்டப்பகலில் வளைவாசலில் நின்று எட்டிப் பார்க்கும் பாலைவன எலி, ராத்திரியில் மட்டும் வரும் வெள்ளெலி என்று எலியிலேயே ஷிஃப்ட் முறை உண்டு.

முள்ளெலியும் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் தேரியிலும் புன்செய்க் காட்டிலும் சுற்றுகிற முள்ளெலிக்கு இங்கே உள்ளது பங்காளி. ரொம்ப காலம் இரண்டையும் ஒரே இனம் என்றே ஆராய்ச்சியாளர்கள் வைத்திருந்தார்கள். முதல் தடவை இன்வெர்ட்டர் அறைக்குப் பின்னால் அதைப் பார்த்தபோது எனக்கு ஊர்க்காரனைப் பார்த்த சந்தோஷம்.

இவை எல்லாம் உங்கள் 22 கிலோமீட்டருக்குள்ளும் வெளியிலும் தினமும் நடமாடிக்கொண்டிருக்கின்றன. இங்கே இரை ஒரே இடத்தில் கிடைக்காது. மழை எங்கே விழுந்ததோ அங்கேதான் பசுமை. அதைத் தேடிப் போய்க்கொண்டே இருப்பதுதான் பாலைவனத்தில் பிழைக்கிற ஒரே வழி. நடக்க விடாமல் நிறுத்தினால் போதும், இவற்றைக் கொல்ல வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை.

முதல் கட்ட டிராயிங்கில் 20 சென்டிமீட்டர் எப்படி வந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. முதலில் அங்கேயும் இடைவெளி இல்லை. வலையைத் தரையோடு சேர்த்து இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தோம். மேற்குப் பக்கம் முடிந்திருந்தது. ஜூலையில் இரண்டு நாள் நல்ல மழை. அந்த மழைக்கு மறுநாள் காலை காவலாளி போன் செய்தார். அவர் பிஷ்னோய் சமூகத்துக்காரர். உடனே வரச் சொன்னார், காரணம் சொல்லவில்லை.

மழை பெய்தால் இந்த மண் மேலே களியாகிவிடும். சிங்காராவின் குளம்பு சின்னது, கூர்மையானது. காய்ந்த மணலில் அதைத் துரத்திப் பிடிக்க நாயால் முடியாது. களியில் குளம்பு புதையும். நாயின் பாதம் அகலம், புதையாது. அன்றைக்கு ஆறேழு நாய்கள் ஒரு பெட்டை மானை வேலியோரமாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. வேலி இல்லாத நாளில் அது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பியிருக்கும். வேலியோரமாக ஓடினால் ஒரே திசைதான். மூலையில் வேலி திரும்புகிற இடத்தில் மாட்டிக்கொண்டது. நாங்கள் போகும்போது உயிர் இருந்தது. தாண்டப் பார்க்கவில்லையா என்று காவலாளியிடம் கேட்டேன். சிங்காரா அவ்வளவு உயரம் தாண்டாது, கீழே இடுக்கு இருக்கிறதா என்றுதான் தேடும் என்றார். வலையின் அடியில் அது மூக்கால் தோண்டிய பள்ளம் இருந்தது. வயிற்றில் குட்டி.

காவலாளி தன் தலைப்பாகையை அவிழ்த்து அதன் மேல் போர்த்தினார். அவர் சமூகத்துக்கு இது வெறும் மான் இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லியில் மன்னரின் ஆட்கள் வன்னி மரங்களை வெட்ட வந்தபோது, மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உயிரை விட்ட 363 பேரின் வழி வந்தவர்கள். தாயில்லாத மான்குட்டிக்குப் பாலூட்டுகிற பெண்கள் அவர்கள் வீடுகளில் உண்டு. அவர் என்னிடம் கோபப்படவில்லை. "சாப், ஒரு பக்கம் கம்பி, மறுபக்கம் நாய். ஹரிண் (மான்) எங்கே போகும்?" என்று இந்தியில் கேட்டார். அவ்வளவுதான். எனக்குப் பதில் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அப்போதைய சைட் மேனேஜரிடம் பேசி, மீதிப் பக்கங்களில் வலையை 20 சென்டிமீட்டர் தூக்கிக் கட்டினோம். கட்டி முடித்த இடங்களிலும் அடிக்கம்பியை வெட்டி மேலே மடித்தோம். கூலி கொஞ்சம்தான் ஆனது. மறு வாரமே இடைவெளிக்குக் கீழே மணலில் நரியின் தடம், முயலின் தடம், முள்ளெலி இழுத்துக்கொண்டு போன கோடு. பேனல் வரிசைகளுக்கு நடுவில் எலி குறைந்ததையும் கவனித்தோம். கேபிளின் மேலுறையைக் கடிக்கிற எலியை நரி ராத்திரியில் சம்பளம் இல்லாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இதையும் மெயிலில் எழுதியிருந்தேன். நோட்டட்.

சரி, உங்கள் காரணங்களுக்கு வருகிறேன். அவற்றை நான் இளப்பமாக நினைக்கவில்லை.

பாதுகாப்பு என்கிறீர்கள். காப்பர் கேபிள் திருட்டு உண்மைதான். எங்கள் சைட்டில் நடந்த திருட்டுகளில் ஒன்றுகூட அடியில் புகுந்து நடந்ததில்லை. 20 சென்டிமீட்டரில் ஆள் நுழைய முடியாது. நுழைந்தாலும் கேபிள் சுருளோடு வெளியே வர முடியாது. இரண்டு முறை வலையைக் கட்டரால் வெட்டியிருந்தார்கள். ஒரு முறை கேட் வழியாகவே வண்டி போனது, அந்த விசாரணை அறிக்கை உங்களிடமே இருக்கிறது. பிளிந்த் பீம் இதில் எதையும் தடுக்காது.

மணல் தடுப்பு என்கிறீர்கள். இது வடிவமைப்புப் பிரிவு எழுதக்கூடாத காரணம். மே, ஜூன் மாதங்களில் ஆந்தி என்கிற புழுதிப்புயல் வரும். காற்று செயின் லிங்க் வழியாகப் போகும்போது மணலையும் கொண்டுபோய்விடும். கெட்டியான சுவரில் மோதினால் வேகம் குறைந்து அங்கேயே கொட்டும். கிழக்கு கேட் பக்கம் ஏற்கனவே ஐம்பது மீட்டர் தடுப்புச் சுவர் இருக்கிறது. ஒரே கோடையில் அதன் மேற்குப் பக்கம் சுவரின் உயரத்துக்கு மணல் ஏறி, மாடு நடந்து வேலியை எட்டிப் பார்க்கிற அளவுக்கு வந்தது. ஜேசிபி வைத்து அள்ளினோம். 22 கிலோமீட்டருக்கு வருஷா வருஷம் அள்ளப்போகிறோமா?

தண்ணீரையும் யோசியுங்கள். பாலைவனத்தில் வெள்ளமா என்று சிரிக்காதீர்கள். 2006 ஆகஸ்டில் பக்கத்து பார்மேர் மாவட்டத்தில் கவாஸ் கிராமமே மூழ்கியது. மண்ணுக்கடியில் ஜிப்சம் படிவம் இருந்ததால் தண்ணீர் கீழே இறங்காமல் வாரக்கணக்கில் நின்றது. நம் நிலத்தின் நடுவில் ஓர் ஓடை போகிறது. வருஷத்தில் முந்நூற்று ஐம்பது நாள் காய்ந்து கிடப்பதால் உங்கள் டிராயிங்கில் அது வெறும் புள்ளிக்கோடு. அதன் குறுக்கே 30 சென்டிமீட்டர் பீம் போட்டால் என்ன ஆகும் என்று நான் பொறியாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். இடைவெளி விட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. 20 சென்டிமீட்டரில் நரியும் பூனையும் முயலும் போகும். வளர்ந்த மான் போகாது. சிரமப்பட்டால் மெலிந்த நாய் ஒன்று புகுந்துவிடும். இடைவெளியை இன்னும் பெரிதாக்கி மானையும் உள்ளே விட்டால், நாயும் சேர்ந்து வந்து அடைபட்ட இடத்தில் அதைக் கொல்லும். அதனால் மானுக்குத் தேவை உள்ளே போகிற வழி இல்லை, குறுக்கே கடந்து போகிற வழி. ஓடையின் இரு கரையிலும் இடம் விட்டு, வேலியை இரண்டு துண்டாகப் பிரித்தால் அது கிடைக்கும். ஒட்டகக்காரர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். எதிர்ப்பக்கம் இருக்கிற குட்டைக்குப் போக இப்போது அவர்கள் பாதிச் சுற்றளவை நடக்க வேண்டியிருக்கிறது. ராஜஸ்தானில் 2012 கணக்கெடுப்பில் 3 லட்சத்துக்கு மேல் இருந்த ஒட்டகங்கள் 2019இல் 2.13 லட்சமாகச் சுருங்கியதற்கு நம் வேலி காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. மேய்ச்சல் நிலம் சுருங்குவது அதற்கு ஒரு காரணம் என்று ஒட்டகம் மேய்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நாய்கள் எங்கிருந்து வந்தன? நம் லேபர் கேம்பிலிருந்துதான். சமையலறைக் கழிவைக் கேம்புக்குப் பின்னால் திறந்த குழியில் கொட்டுகிறோம். நான் வந்தபோது இங்கே இரண்டு நாய். இப்போது கும்பலாகத் திரிகின்றன. வேலை முடிந்து கேம்ப் காலியானால் கழிவும் நின்றுவிடும், பசித்த நாய்கள் மட்டும் இருக்கும். அவை வேட்டைக்குப் போகாமல் என்ன செய்யும்? இது கான்ட்ராக்டர் தப்பு என்று தட்டிக்கழிக்காதீர்கள். கான்ட்ராக்ட் எழுதினவர்கள் நாம்தான்.

சட்டம் கேட்கவில்லையே என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னார். உண்மைதான். சூரிய மின் திட்டங்களுக்கு 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி வாங்கத் தேவையில்லை. அழிந்துவரும் கானமயில் என்கிற பெரிய பறவை மின்கம்பியில் மோதிச் சாகிறது என்பதற்காக 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மின்கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் கொடுத்தது. அந்த வழக்கு வந்ததால் நாமும் பறவைக்குக் கம்பி தெரிகிற மாதிரி பறவை டைவர்ட்டர் மாட்டினோம், விளம்பரப் படத்திலும் போட்டுக்கொண்டோம். நாலு காலில் நடப்பவைக்கு அப்படி ஒரு வழக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் சிங்காரா 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கிற அதே அட்டவணை.

ஓரண் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். ஊர்த் தெய்வத்துக்கென்று விடப்பட்ட மேய்ச்சல் காடு அது. நம் பக்கத்துக் கோயில்காடு மாதிரி, மரம் வெட்டக்கூடாது. வருவாய்ப் பதிவேட்டில் நிறைய ஓரண்கள் தரிசாகவே கிடந்தன. 2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் ராஜஸ்தானின் ஓரண்களை அளந்து, வரைபடமாக்கி, காடாக அறிவிக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு எந்த வழக்கில் வந்தது தெரியுமா? நம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காட்டுக்காக 1995இல் போடப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கின் தொடர்ச்சியில். இரண்டாம் கட்ட நிலத்தின் வடக்கு மூலையை ஊர்க்காரர்கள் ஓரண் என்கிறார்கள். பதிவேடு தரிசு என்கிறது. அங்கேயும் உங்கள் பீம் போகிறது.

கலிபோர்னியாவில் கிட் ஃபாக்ஸ் என்று ஒரு குட்டி நரி இருக்கிறது, நம் பாலைவன நரிக்குச் சொந்தம். அங்கே சில சூரிய மின் பண்ணைகளில் வேலியைத் தரையிலிருந்து சில அங்குலம் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். நரி உள்ளே வந்து போகிறது, மின்சாரமும் வருகிறது. வெளிநாட்டு உதாரணம் காட்டினால்தான் நம் கூட்டங்களில் காது கொடுக்கிறார்கள் என்பதால் இதைச் சொன்னேன். நமக்கு முதல் கட்ட வேலியே உதாரணமாக இருக்கிறது.

நான் கேட்பது இவைதான்.

ரிவிஷன் 3ஐத் திரும்பப் பெறுங்கள். பிளிந்த் பீம் வேண்டாம். தூண்களுக்குத் தனித்தனி அடித்தளம் போதும். வலைக்கும் தரைக்கும் நடுவில் 20 சென்டிமீட்டர் விட்டு, அடிக்கம்பி முள்ளில்லாத வெறும் கம்பியாக இருக்கட்டும். முதல் கட்ட வேலியில் உள்ள இடைவெளியைத் தொடாதீர்கள்.

22 கிலோமீட்டரை ஒரே வேலியாகக் கட்டாதீர்கள். ஓடையின் இரு கரையிலும் குறைந்தது ஐம்பது மீட்டர் விட்டு இரண்டு தொகுதிகளாகப் பிரியுங்கள். அதனால் எத்தனை பேனல் வரிசை குறையும் என்று நானே கணக்குப் போட்டு இந்த மடலுடன் தனியாக அனுப்பியிருக்கிறேன். நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. வேலியின் மூலைகளைச் செங்கோணமாக இல்லாமல் வளைவாகக் கட்டுங்கள், ஓடி வருகிற மான் அங்கே முட்டி நிற்காது.

நிலம் சமன் செய்வதற்கு முன்னால் வளைகளை அடையாளம் காண ஒரு வனவிலங்கு ஆய்வாளரை அனுப்புங்கள். குளிர்காலம் முடிந்து நரி குட்டி போட்டிருக்கிற மாதங்களில் வளை உள்ள பகுதிகளில் ஜேசிபியை நிறுத்துங்கள். கேபிள் பதிக்கத் தோண்டுகிற ட்ரெஞ்சை ராத்திரியில் திறந்து வைத்தால் ஐம்பது மீட்டருக்கு ஒரு சரிவுப் பாதை விட வேண்டும் என்று கான்ட்ராக்டில் எழுதுங்கள். போன வருஷம் ட்ரெஞ்சுக்குள் விழுந்த நரியைக் காலையில் ஏணி இறக்கி ஏற்றினோம். அதற்கு முந்தின முறை எங்களுக்குத் தெரியவே மூன்று நாள் ஆனது.

லேபர் கேம்புக் கழிவுக்கு மூடிய குழி, கால்நடைத் துறையோடு சேர்ந்து நாய்களுக்குக் கருத்தடை. இரண்டுக்கும் இந்த நிதியாண்டிலேயே பணம் ஒதுக்குங்கள்.

வடக்கு மூலையை ஊர்க்காரர்கள் முன்னிலையில் மறு அளவை செய்யுங்கள். ஓரண் என்று முடிவானால் வேலிக்கு வெளியே விடுங்கள்.

கடைசியாக, அடுத்த டிராயிங்கில் கையெழுத்திடுவதற்கு முன் வடிவமைப்புப் பிரிவிலிருந்து ஒருவராவது இங்கே ஓர் இரவு தங்க வேண்டும். அறை ஏற்பாடு என் பொறுப்பு. காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிடுவேன்.

பீமுக்கான கம்பி லோடு வரும் திங்கட்கிழமை இறங்குகிறது. வியாழக்கிழமை கான்கிரீட் ஊற்றச் சொல்லியிருக்கிறீர்கள். புதன்கிழமை மாலைக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் வேண்டும். 'நோட்டட்' என்று வந்தால் அதை நான் பதிலாக எடுத்துக்கொள்ளப்போவதில்லை. ஊற்றுவதற்கு முன் சைட் தரப்பில் கையெழுத்திட வேண்டிய சரிபார்ப்புத் தாள் என் மேஜையில்தான் இருக்கிறது. அதில் நான் கையெழுத்திட மாட்டேன்.

இப்படிக்கு,
சைட் சிவில் மேற்பார்வையாளர்,
ஜெய்சல்மேர் மாவட்டம்